வெள்ளிக்கிழமை உப்பு

மாடிப்படி ஏறும்போதே மேலே ஏதோ படபடவென்று பொரிவது பிருந்தாவுக்குக் கேட்டது.

கடுகு தாளிக்கிற சத்தம் மாதிரி இருந்தது. மொட்டைமாடியில் யார் தாளிக்கப் போகிறார்கள்?

அங்கே இருப்பது அவளுடைய மிஷின் மட்டும்தான். காற்றை உறிஞ்சி அதிலுள்ள தூசியைத் தாளில் பிடித்து வைக்கும். நாளுக்கு ஒரு தாள்; காலையில் மாற்றி வைப்பது அம்மா. அந்தத் தாள்களைக் கட்டிக்கொண்டுதான் பிருந்தா மதுரையில் ஆராய்ச்சி என்று மாரடிக்கிறாள்.

கடல்காற்று அவள் ஊரான பரளச்சி வரைக்கும் உப்பைக் கொண்டுவருகிறது. வழியில் லாரிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் அந்த உப்பிலிருக்கும் குளோரினைத் துரத்திவிட்டு, அந்த இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. எல்லாத் தாளிலும் அதே கதை, வெள்ளிக்கிழமைத் தாளைத் தவிர. அன்றைக்கு மட்டும் உப்பு அலுங்காமல் குலுங்காமல் வந்து சேர்ந்திருக்கும்.

அதற்கும் அவள் காரணம் கண்டுபிடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான வீரசோழனில் கடைகள் அடைப்பு. லோடு லாரி குறைவு, புகை குறைவு, உப்பு பிழைத்தது.

பேராசிரியர் துள்ளிக் குதித்தார். இதுதான் உன் ஆய்வே என்றார். திங்கட்கிழமை கருத்தரங்கு. அதில் காட்ட மிஷினை ஒரு போட்டோ எடுக்கத்தான், எப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறவள் இந்தத் தடவை வெள்ளிக்கிழமையே வந்திருந்தாள்.

மேலே அப்பா ஐயாத்துரை நின்றார். பருப்புக் கடையை அடைத்த கையோடு வந்தவர், சட்டைகூட மாற்றவில்லை. காற்றைப் பிடித்து மூட்டை கட்டி விற்கப் போகிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகளைக் கேலி பேசுகிற அதே அப்பா.

கை நிறைய உப்பும் மிளகாயும். மிஷினைச் சுற்றிக் கொண்டுவந்து, பக்கத்திலேயே கனன்ற கரி நெருப்பில் போட்டார். உப்பு வெடித்துப் புகைந்தது. மிஷின் அத்தனையையும் இழுத்துக்கொண்டது.

பிருந்தா ஓடிப்போய் மிஷினை நிறுத்தினாள்.

"என்னப்பா பண்றீக? எத்தன நாளா இது?"

"மிஷினு வந்ததுலருந்துதான். கடைத் தராசுக்கு வெள்ளிக்கெழமை தவறாமச் சுத்திப் போடுறேன், ஒம் பொழப்புக்குச் சுத்த வேண்டாமா? ஊருக் கண்ணு பூராம் இதுமேலதான்."

போச்சு. வீரசோழனும் போச்சு, லாரியும் போச்சு. திங்கட்கிழமை எந்த முகத்தோடு மேடை ஏறுவது? போனை எடுத்துப் பேராசிரியர் எண்ணைத் தேடினாள். அப்பாவிடம் கத்தித் தீர்க்க வேண்டும் போலிருந்தது.

"ஏ புள்ள, கெழக்கப் பாத்து நில்லு. பரிட்ச நல்லபடியா முடியணும்."

நின்றாள். அப்பா இன்னொரு கை உப்பை அள்ளி அவளைச் சுற்றினார். துப்பச் சொன்னதும் அந்த உப்பில் மூன்று தடவை துப்பினாள். நெருப்பில் உப்பு மறுபடியும் பொரிந்தது.

அதற்குப் பிறகுதான் எண்ணை அழுத்தினாள். பேராசிரியர் எடுத்தார்.

"சார், அந்த வெள்ளிக்கிழமை உப்பு" என்றாள். "அது கடல்லருந்து வரல சார். எங்கப்பா கையிலருந்து வந்திருக்கு."