பதின்மூன்றாம் தேதி மழை

கணவருடைய போன் அடித்தது. சார்ஜ் தீராமல் வைத்திருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

காலை எட்டு முப்பத்தைந்து.

"என்ன மாடம்பாக்கம், பத்து நாளா பேச்சையே காணோம்? டப்பாவைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா?"

பெண் குரல். அறுபது வயதிருக்கும். சிரித்துக்கொண்டே பேசியது.

அவர் இறந்துவிட்டார் என்று சொன்னாள். பன்னிரண்டாம் தேதி, மத்தியானம்.

அந்த வாக்கியம் இப்போதெல்லாம் தானாக வருகிறது, வீட்டு விலாசம் போல.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

பிறகு அந்தக் குரல் தன்னை ஊரப்பாக்கம் என்றது. அப்புறம்தான் பெயர் சொன்னது. திலகவதி.

நாற்பத்தொரு பேர் கொண்ட குழுவாம். அவரவர் மொட்டைமாடியில் மழை அளப்பவர்கள். காலை எட்டரைக்கு அளவை அனுப்பிவிட வேண்டும். பெய்யாவிட்டால் பூஜ்யம் என்று அனுப்ப வேண்டும். ஊர்ப்பெயர்தான் ஆளின் பெயர். போன வருடம் வண்டலூர் நாலு மில்லிமீட்டர் குறைத்துப் போட்டுவிட்டு இரண்டு நாள் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதாம்.

ஒன்பது வருடமாக அவர் மாடம்பாக்கம்.

காலாற நடக்கத்தான் மாடிக்குப் போகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் விட்டதில்லை. குழுவில் வேறு யாருக்கும் அப்படி இல்லை. திலகவதி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"அந்தப் பத்து நாள் மட்டும் காலியா கிடக்கும்மா. பதிமூணு ஒருநாள்தான் மழை. எங்களுக்கு எழுபத்தொண்ணு. மத்த நாள் எங்கயும் சொட்டுகூட இல்ல. டப்பாவில தண்ணி அப்படியே இருக்கும். பக்கத்து ஊரு மழையை உங்க ஊருக்கு நாங்க எழுதக்கூடாது. நீங்க பாத்துச் சொன்னா, அதான் கணக்கு."

போனோடு படியேறினாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. வெள்ளை டப்பா, மேலே புனல். பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குவளை.

சொன்னபடி செய்தாள். குவளையில் இருபது வரைதான் கோடு. மூன்று தடவை நிறைந்தது. நான்காவது ஆறில் நின்றது.

அறுபத்தாறு.

அவரைக் கொண்டுபோனது பதின்மூன்றாம் தேதி.

வாசலில் யாரோ கோணி விரித்திருந்தார்கள். வந்தவர்கள் அதில் காலைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சங்கு ஊதியவன் தலையில் பாலித்தீன் பை.

எல்லாம் ஞாபகம் இருந்தது.

மழை மட்டும் இல்லை.

மறுபடியும் நினைவில் தேடிப் பார்த்தாள். மழைச் சத்தம்கூட இல்லை.

"அம்மா, இருக்கீங்களா? எவ்வளவு?"

குவளையைச் சாய்த்தாள். தண்ணீர் தளத்தில் ஓடிக் குழாய்க்குள் இறங்கியது.

"ஒண்ணும் இல்லங்க. பூஜ்யம்."

திலகவதி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள்.

"சரிம்மா. அப்படியே போட்டுடறேன்."

பத்து நிமிடத்தில் குழுவில் பதின்மூன்றாம் தேதிப் பட்டியல் வந்தது. தாம்பரம் அறுபத்தெட்டு. வண்டலூர் எழுபத்துநாலு. ஊரப்பாக்கம் எழுபத்தொன்று.

மாடம்பாக்கம் பூஜ்யம்.

மற்ற நாற்பது பேரும் பார்த்திருப்பார்கள்.

தொட்டி நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.