ஆடுகளுக்கு நடுவே ஒரு தொந்தி

புத்தம் புதுக் கம்பளத்தை வியாபாரி பெஹ்ரூஸ், ஷிராஸ் நகரத்துக்குப் போகும் சாலையின் நடுவில் விரித்துப்போட்டான். லாரி ஏறி, கழுதை நடந்து சாயம் மங்கினால்தான் பாட்டன் காலத்துச் சரக்கென்று வெளிநாட்டுக்காரன் தலையில் கட்டலாம். அதை நெய்த குல்நார் அவனை முறைத்தாள். அவர்கள் கூடாரத்தில் செருப்புக் காலோடு யாரும் கம்பளத்தில் ஏறமாட்டார்கள்.

"என்ன மொறைக்கிற? இப்படித் தேச்சாத்தான் பழசாகும்" என்று பூட்ஸ் காலோடு ஏறித் தேய்த்தான்.

கம்பளத்தில் ஆடுகளுக்கு நடுவே ஒரு குட்டி மனிதனை அவள் நெய்திருந்தாள். பெஹ்ரூஸின் அதே தொந்தி, அதே கோணல் மீசை, கக்கத்தில் அதே தோல்பை. மடையன் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. இப்போது பூட்ஸ் சரியாக அந்த மூஞ்சியின் மேல் நின்றது.

"அந்த இடத்துல பத்தாதுங்க" என்றாள் குல்நார். "இன்னும் நல்லா அழுத்தித் தேயுங்க."