நொண்டக் கூடாத கால்

கல்லூரிக் கபடி வீராங்கனை பூங்கோதை மூட்டுவலித் தைலமொன்றின் விளம்பர முகம். தெருவுக்குத் தெரு தைலக் கம்பெனி வைத்திருக்கும் கேமராக்களில் அவள் நொண்டுவது ஒருமுறை பதிவானாலும் ஒப்பந்தம் போய்விடும். அந்தக் கம்பெனி வாங்கிக் கொடுத்த கல்லூரி இடமும் போய்விடும். இன்று வெளியூர் ஆட்டத்தில் வலது முட்டி பிசகிவிட்டது. பேருந்திலிருந்து இறங்கியவளால் அடுத்த அடி வைக்க முடியவில்லை.

போனில் விஷயம் கேட்டு நிறுத்தத்துக்கே வந்திருந்த அம்மா, "உன் தைலத்தத் தேய்ச்சுப் பாத்தியாடி?" என்றாள்.

"நீயுமாம்மா?"

அம்மா பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, வீடுவரைக்கும் தரையில் கட்டங்கள் போட்டாள். "பாண்டி ஆடி எத்தன வருஷமாச்சு. ஒத்தக்கால்ல வா பாப்போம். சிரிச்சிக்கிட்டே வா."

பூங்கோதை இடது காலால் துள்ளித் துள்ளி வந்தாள். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன; தெருவில் சிலர் கைதட்டினார்கள். வாசலை அடைந்ததும் கேட்டாள்: "காலையில காலேஜுக்கு?"

அம்மா கையைத் திறந்தாள். சாக்பீஸ் நகமளவுதான் மிச்சமிருந்தது.