சிவப்புச் சுத்தியல்

"பையைத் தூக்கிட்டு ஓடியிருக்கானுவ பாருங்க! வெளங்குவானுவளா?"

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், தளவாய் தன் செல்போனை ஊருக்கே காட்டிக்கொண்டு வந்தான்.

எங்கேயோ ரன்வேயில் ஒரு விமானம் தீப்பிடித்துவிட்டதாம். முன்னால் இருந்தவர்கள் பெட்டியை இறக்கிக்கொண்டு நிற்க, பின்னால் இருந்தவர்கள் வெளியே வரவே இல்லையாம்.

"உசுரு போற நேரத்துல பெட்டி எதுக்குங்கேன்? சுயநலம் புடிச்ச பயலுவ!"

தளவாய் ஃபேக்டரியில் லைன் லீடர். பேச ஆரம்பித்தால் ஷிப்ட் முடிந்தாலும் நிறுத்த மாட்டான்.

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் குலுங்கி நின்றது. என்ஜின் பக்கம் குபுகுபுவென்று புகை. டிரைவர் ஜீவானந்தம் எதை எதையோ அழுத்திப் பார்த்தார். முன்கதவு திறப்பேனா என்றது.

"பின்னாடி கண்ணாடிய ஒடைங்கப்பா!" என்று கத்தினார்.

தளவாய்தான் முதலில் ஓடினான். கண்ணாடிக்குப் பக்கத்தில், ஆபத்து நேரத்தில் உடைப்பதற்கான சிவப்புச் சுத்தியலை மாட்டும் கொக்கி இருந்தது. சுத்தியல் இல்லை.

"ஐயையோ, எந்தக் களவாணிப் பயலோ தூக்கிட்டானே! செத்தோம்!"

புகை கண்ணை மறைத்தது. அந்த நேரம் பார்த்து அவன் லைனில் வேலை பார்க்கும் முத்துச்செல்வி சீட்டுக்கடியில் குனிந்து பையைத் தேடினாள். தளவாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏ புள்ள, இப்பத்தான படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! பையை விடு!"

"ஒதுங்குங்கண்ணே!"

பைக்குள் இருந்த எவர்சில்வர் டிபன் கேரியரை உருவி, மடார் மடாரென்று போட்டாள். மூன்றாவது போடில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. பாதி சாம்பார் தளவாய் தலையில்.

எல்லாரும் குதித்துவிட்டார்கள். ஜீவானந்தம் கடைசி ஆளாக இறங்கினார்.

உயிர் திரும்பி வந்ததும் தளவாய்க்கு வாயும் திரும்பி வந்தது.

"ஏன் வே, ஒரு சுத்தியலைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல, நீரெல்லாம் ஒரு டிரைவரா? இரும், மேனேஜர்கிட்டச் சொல்லி இன்னைக்கே உம்ம சீட்டக் கிழிக்கேன்!"

போனில் நம்பரைத் தேடினான். அத்தனை பேரும் ஜீவானந்தத்தை முறைத்தார்கள். இந்த வண்டியை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஆனாலும் மனுஷன் தளவாயை மட்டும் மெதுவாக ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அவன் தோளில் வழிந்த சாம்பாரைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். அப்புறம் காதோடு கேட்டார்.

"இன்னா தம்பி, ரூம்ல துணி காயப்போடக் கயிறு கட்டணும், ஆணி அடிச்சுட்டு நாளைக்கே தரேன்னு வாங்கிக்கினு போனியே... அடிச்சு முடிச்சிட்டியா?"