சுவரில் ஓர் இடம்

ஆஸ்திரேலியாவில் போரில் இறந்தோரை நினைவுகூரும் அன்சாக் தினத்துக்கு முதல் நாள் மாலை, முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் தலைமை மருத்துவராக வீடு திரும்பினார் சோதிலிங்கம்.

"இனி நீங்கள்தான் அங்க பெரிய டொக்டர்!" என்று மனைவி விக்னேஸ்வரி பூரித்தாள்.

"அங்க ஒரு வழக்கமப்பா. வேலை செய்யிற ஆக்களின்ர வீட்டில ஆரும் போரில செத்திருந்தா, அன்சாக் அண்டைக்கு அவையின்ர படத்தையும் சுவரில மாட்டி மரியாதை செய்வினம்" என்றார் அவர்.

அவள் அலுமாரியிலிருந்து, சேலைக்குள் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்து வந்தாள். சீருடையில், ஈழப்போரில் இறந்த அவர்களுடைய ஒரே மகன்.

"எங்கட யசியையும் மாட்டச் சொல்லுங்கோ."

அவர் கையை நீட்டவில்லை.

"இண்டர்வியூவில பிள்ளையளைப் பற்றிக் கேட்டவை. மகன் தடைசெய்த இயக்கத்தில இருந்தவன் எண்டா வேலை தருவினமோ? பிள்ளையே இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

அவள் படத்தைத் துடைத்தாள்.

"அப்ப, நான் ஆருக்கு அம்மா?"