குன்றின் மேல் ஒரு வெள்ளோட்டம்

மலாயாவின் கோலா சிலாங்கூரில் துணிக்கடை வைத்திருக்கும் மஸ்தான் கனி முதன்முதலாகக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். கைலியை ஒரு கை இழுத்துப் பிடித்திருக்கிறது; மறு கை பிடரிமயிரை விடவில்லை. பக்கத்தில், அவரை அண்ணன் முறையாக 'நானா' என்றழைக்கும் நாகமணி நடந்து வருகிறாள். இறந்துபோன கணவர் நடத்திய சவாரித் தொழிலை, நான்கு குதிரைகளோடு, மஸ்தான் கனியிடம் விற்கப் பார்க்கிறாள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்தபின் எஸ்டேட் பாதைகளில் சவாரி போக யாருக்கும் துணிச்சலில்லை. கலங்கரை விளக்கம் நிற்கும் இந்தக் குன்று மட்டுமே மிச்சம். மழைவிட்ட மாலை வெயில் இலைகளில் சொட்டுகிறது, சேணத்தில் ஈரத்தோல் வாசனை. வளைவில் குதிரை தானாக நிற்கிறது. குதிகாலால் தட்டுகிறார், அசையவில்லை. "என்ன தங்கச்சி, முரண்டு புடிக்குதா?" "இல்ல நானா. வெள்ளக்காரங்க இங்கதான் நின்னு கடலப் பாப்பாங்க. பாத்து முடிக்கிற வரைக்கும் இது நகராது. யாரும் பழக்கல." அவர் திரும்புகிறார். கிளைகளுக்கிடையே ஆறு கடலில் கலக்கிறது. சேற்றுத்திட்டு தாமிரமாய் மின்ன, மீன்படகுகள் வரிசையாகத் திரும்புகின்றன. இத்தனை வருஷம் இந்த ஊரில் கடை நடத்தியும் அவர் இதைப் பார்த்ததில்லை. கீழே ராணுவ லோரி உறுமிக்கொண்டு போகிறது. குதிரையின் காது மட்டும் அசைகிறது. "மரவண்டி இழுக்க இந்தக் குதிரைங்கள மரக்கடைக்காரங்க கேக்குறாங்க நானா. எனக்குத்தான் மனசு வரல. நீங்க என்ன சொல்றீங்க?" "அவங்களுக்குக் குடுக்காத, நானே எடுத்துக்கிறேன்," என்கிறார் மஸ்தான் கனி, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் பொறு லா. இன்னும் பாத்து முடியல."