ஏழாவது ஜோடி

அந்த விடுதியில் மூன்று தலைமுறையாகக் காலைச் சாப்பாட்டுக்கு ஆள் கணக்குப் பார்ப்பது வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணித்தான். மாமனார் இருந்தவரை அது அவர் வேலை. தினமும் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார். "மாமாவுக்கு எண்ணவே வராது," என்று மருமகள் விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தட்டைத் துடைத்து வைப்பார்.

அவர் காலமானபின் எண்ணும் வேலை அவளுக்கு வந்தது. கணக்கு ஒரு நாளும் பிசகவில்லை.

போன வாரம் கொட்டுகிற மழையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். முழங்கால்வரை சேறு. அவள் அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தாள்.

"ரூம் எதுவும் காலி இல்லீங்க."

மூன்று அறைகள் காலியாக இருந்தன.

"பரவாயில்லம்மா," என்றார் பெரியவர். தான் மிதித்த இடத்தைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டுப் போனார். அவர் ஆற்றுப்பாலத்தைத் தாண்டவில்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று மறுநாள் பால்காரர் சொன்னார்.

இன்று காலை தங்கியிருந்தவர்கள் ஆறு பேர். வாசலில் ஏழு ஜோடி கிடந்தது. கடைசி ஜோடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே போய் ஏழு தட்டு வைத்தாள்.

கணவன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஆறுதானே கிடக்கு? அப்பா மாதிரி உனக்கும் எண்ண வராதா?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏழாவது தட்டைத் துடைத்தாள்.